நீ சிரிக்க வேண்டியதில்லை

இதை நீ படிக்கும்போது நான் உன் எதிரில் இருக்கக் கூடாது என்றுதான் எழுதுகிறேன். எதிரில் இருந்தால் இரண்டாவது வரிக்குள் ஒரு கிண்டல் வந்து விழுந்துவிடும். என் வாயைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஞாயிற்றுக்கிழமை நீ ஈக்காட்டுத்தாங்கலுக்குப் போகிறாய். பட்டறையில் சரக்கு எடுத்துவைக்கிற வேலை, பட்டறைக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேரோடு ஓர் அறை. கால்வாய் ஓரத்து நம் வீட்டிலிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரம் ஆகுமா? உன் அம்மா அதை ஏதோ கடல் தாண்டிப் போகிற மாதிரி பேசிக்கொண்டிருக்கிறாள். உன் சட்டைகளை மடித்துப் பையில் வைக்கிறாள், வெளியே எடுக்கிறாள், மறுபடியும் மடித்து வைக்கிறாள். அபிராமபுரத்தில் ஒரு தெரு முழுக்கத் துணி தேய்க்கிறவன் மகன் கசங்கின சட்டையோடு போகலாமா என்று நானும் அந்த ஐந்து சட்டைகளையும் மூன்று தடவை தேய்த்துவிட்டேன். இன்னொரு தடவை தேய்த்தால் துணி கிழிந்துவிடும். அதனால்தான் இஸ்திரிப் பெட்டியை வைத்துவிட்டுப் பேனாவை எடுத்தேன்.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். நான் எழுதுகிறேன், உன் தங்கை பிழை திருத்துகிறாள். "நைனா, ஒரே வாக்கியம் அரப் பக்கம் போய்க்கினே கீது, நடுவுல எங்கனா மூச்சு வுடு" என்று திட்டிக்கொண்டே திருத்துகிறாள். ஆஸ்பத்திரியில் வியாழக்கிழமைதோறும் நோயாளிகளின் வீட்டுக்காரர்கள் உட்கார்ந்து பேசுகிற கூட்டம் இருக்கிறதே, அங்கே இருப்பவர்களும் இதைப் படிக்கட்டும் என்று சொன்னது நீதான். "என்னப் பத்தி மறைக்கறதுக்கு இன்னா கீது நைனா, எழுது" என்றாய். ஆகவே உனக்குத் தெரிந்த கதையையே அவர்களுக்காகவும் சொல்கிறேன். அலுத்துக்கொள்ளாதே.

நான் யாரையும் பேர் சொல்லிக் கூப்பிட்டவன் இல்லை. துணி மூட்டைகளுக்கு மற்ற இஸ்திரி வண்டிக்காரர்கள் வீட்டு நம்பர் வைத்திருப்பார்கள். நான் பட்டப்பேர் வைத்திருப்பேன். மூன்றாவது மாடிக்காரர் 'அவசரம்', அடுத்த வீட்டம்மா 'ஒத்த பட்டன்', வாட்ச்மேன் 'மிலிட்டரி'. யாரும் கோபித்துக்கொண்டதில்லை. கோபித்துக்கொண்டதை நான் கவனிக்கவில்லையோ என்னவோ, இப்போது அந்தச் சந்தேகமும் வந்துவிட்டது. உனக்கு ஐந்து வயது இருக்கும்போது தேய்க்காத யூனிபார்மைப் போட மாட்டேன் என்று ஜட்டியோடு வாசலில் நின்று சத்தியாக்கிரகம் பண்ணினாய். "பார்ரா, தொர வந்துட்டாரு" என்றேன். அன்றிலிருந்து நீ தொரை. அப்போதெல்லாம் அதைக் கேட்டால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாய். உன் சிரிப்பைக் கேட்பதற்காகவே நான் ஒரு நாளைக்கு இருபது தடவை சொல்லுவேன்.

பிறகு நீ காலேஜ் முடித்து தி.நகரில் ஜவுளிக்கடை பில்லிங்கில் சேர்ந்தாய். ஒரு வருஷம் நன்றாகத்தான் போனது. அப்புறம் ஒரு தீபாவளிக் கூட்டத்தில், வரிசையில் நிற்கிறவர்கள் எல்லாம் உன்னைப் பற்றியே பேசுவதாக உனக்குக் கேட்க ஆரம்பித்தது. தூக்கம் போயிற்று, சாப்பாடு போயிற்று. மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள். அனுப்பும்போது டாக்டர் சொன்னார்: மாத்திரையை நிறுத்தக் கூடாது, மாத்திரை அசதியைக் கொடுக்கும், காலையில் எழுந்திருக்க நேரமாகும், அவசரப்படுத்தாதீர்கள். நான் தலையைத் தலையை ஆட்டினேன். காதில் விழுந்தது. ஆனால் காய்ச்சல் மாதிரிதானே, மாத்திரை போட்டால் சரியாகிவிடும் என்று என் பாட்டுக்கு நினைத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்த அன்று சாயந்திரம் நீ சுவர் ஓரமாக உட்கார்ந்திருந்தாய். நாங்கள் மூன்று பேரும் உன்னைச் சுற்றி உட்கார்ந்து, கண்ணாடிப் பாத்திரத்தைப் பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தோம். எனக்குத் தாங்கவில்லை. "இன்னா தொர, ஆஸ்பத்திரி இட்லி நம்மூட்டு இட்லிய வுட நல்லா கீதாமே? உங்கம்மாவ அங்க ரெண்டு வாரம் டிரெய்னிங்குக்கு அனுப்பலாமா?" என்றேன். உன் உதடு லேசாக விரிந்தது. உன் அம்மா துள்ளி எழுந்து, "சிரிச்சிட்டான், எம்புள்ள சிரிச்சிட்டான்" என்று ஓடிப்போய்ச் சாமி படத்துக்குக் கற்பூரம் ஏற்றினாள்.

அங்கேதான் தப்பு ஆரம்பித்தது. அதற்குப் பிறகு அதுவே நம் வீட்டுத் தர்மாமீட்டர் ஆகிவிட்டது. காலையில் நான் ஒரு ஜோக் சொல்வேன். நீ சிரித்தால் அம்மா கற்பூரம் ஏற்றி, பக்கத்து வீட்டுக்குப் போய் "இன்னிக்கி சிரிச்சான்" என்று சொல்லிவிட்டு வருவாள். நீ சிரிக்காவிட்டால் அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு மாத்திரை அட்டையை எண்ணப் போவாள். நான் இன்னொரு ஜோக் சொல்வேன். அதற்கும் சிரிக்காவிட்டால் அவள் என்னைத் திட்டுவாள், நான் அவளைத் திட்டுவேன். ஒரே அறை, நடுவில் நீ. உன் தங்கை மட்டும் "அவன வுடுங்களேம்பா, சும்மா குந்திக்கினு இருந்துட்டுப் போறான்" என்பாள். சின்னப் பெண் பேச்சு என்று நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து அவளைத் திட்டுவோம். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் உன் அம்மாவுக்கும் எனக்கும் ஒற்றுமை.

கொஞ்ச நாளில் நீ கற்றுக்கொண்டாய். நான் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே சிரிக்க ஆரம்பித்தாய். நான் அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன்.

உன் அம்மா செய்ததையும் சொல்லிவிடுகிறேன், அவளே சொல்லச் சொன்னாள். மாத்திரையைப் போட்டதும் "நாக்கத் தூக்கு, அப்பால காட்டு" என்று வாய்க்குள் விரலை விடுவாள். இருபத்தைந்து வயசுப் பிள்ளைக்குச் சாதம் பிசைந்து ஊட்டினாள். நீ பாத்ரூம் போனால் கதவுக்கு வெளியே நின்று "இன்னாடா சத்தத்தையே காணோம்" என்பாள். பாசம்தான். ஆனால் அவள் பார்க்காத இடம் உனக்கு அந்த வீட்டில் ஒரு ஜான்கூட இல்லை.

நானோ வீட்டில் முடிந்தது போதாது என்று வண்டிக்கும் எடுத்துக்கொண்டு போனேன். மாத்திரை அசதியில் நீ பதினொரு மணிக்கு எழுந்து, டீ குடித்துவிட்டு, மரத்தடி வண்டிக்கு வருவாய். தூரத்தில் உன்னைப் பார்த்ததுமே நான் தெருவுக்கே கேட்கிற மாதிரி, "தொர எழுந்துட்டாரு! மிலிட்டரி, பேண்டு வாத்தியத்த ஸ்டார்ட் பண்ணுபா!" என்பேன். வாட்ச்மேன் விசிலை ஊதுவார். துணி வாங்க வந்த முதல் மாடி மாமி, "இப்பதான் எழுந்துண்டானா? எங்காத்துப் பூனையே எட்டு மணிக்கு எழுந்துடறது" என்பார். எல்லோரும் சிரிப்போம். நீயும் சிரிப்பாய். ஒவ்வொரு நாளும், மழை பெய்தாலும். ஒரு நாள்கூட நீ "வேணாம் நைனா" என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அதையும் வைத்து ஒரு ஜோக் அடித்திருப்பேன் என்று உனக்குத் தெரிந்திருக்கும்.

திடீரென்று ஒரு நாள் நீ ஆறு மணிக்கு எழுந்தாய். குளித்து, தலை சீவி, எனக்கு முன்னால் வண்டிக்குப் போய்க் கரி போட்டுப் பெட்டியைத் தயார் பண்ணி வைத்திருந்தாய். மறுநாளும் அப்படியே. நான் தெருவில் தலைகால் தெரியாமல் ஆடினேன். "டாக்டரு மாத்திரைல ஆகாதது நம்ம வாயால ஆச்சு பாத்தியா? கிண்டல் பண்ணிப் பண்ணியே பையன எழுப்பி வுட்டுட்டேன்" என்று வாட்ச்மேனிடமும் மாமியிடமும் பால்காரரிடமும் சொன்னேன். ஐந்து வாரம் சொல்லிக்கொண்டே இருந்தேன். உண்மை பிறகுதான் தெரிந்தது. மாத்திரை போட்டால் எழுந்திருக்க முடியவில்லை, எழுந்திருக்காவிட்டால் நைனா தெருவில் வைத்துச் சொல்லுவார், அதனால் மாத்திரையை நிறுத்திவிடுவது என்று நீ முடிவு பண்ணியிருந்தாய். அம்மா நாக்கைப் பார்க்கிறாளே என்று கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்கி வைத்துக்கொண்டு, பிறகு துப்பியிருக்கிறாய். எங்கள் இரண்டு பேருடைய கெட்டிக்காரத்தனத்தையும் நீ தோற்கடித்திருக்கிறாய், மகனே. அதற்கு நீ கொடுத்த விலைதான் பெரிசு.

ஆறாவது வாரம், காலை பத்து மணி இருக்கும். உன்னைத் தவிர நான், வாட்ச்மேன், மாமி மூன்று பேர்தான் வண்டியருகே இருந்தோம். மாமி தன் புடவைகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். யாரும் வாயைத் திறக்கவில்லை. நீ இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, "சிரிக்காதீங்க! யாரும் சிரிக்காதீங்க!" என்று கத்தினாய். தேய்த்து அடுக்கியிருந்த வெள்ளை வேட்டிகளை வாரி, மழைத்தண்ணீர் தேங்கின ரோட்டில் எறிந்தாய். மாமி பயந்து பின்னால் போனார். அந்த நேரத்தில் ஓர் அப்பன் என்ன செய்ய வேண்டும்? கிட்டே போய் உன் தோளைப் பிடித்திருக்க வேண்டும். நான் என்ன செய்தேன் தெரியுமா? உனக்குத் தெரியும், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். "தொர, அது ஏழாம் நம்பர் வீட்டு வேட்டிபா. கோவம் வந்தா எட்டாம் நம்பர்து எட்த்துப் போடு, அவன்தான் சண்டக்காரன்" என்றேன்.

நீ சிரித்தாய். கண்ணில் தண்ணீர் ஊற்ற, காதைப் பொத்தின கையை எடுக்காமல், எனக்காகச் சிரித்தாய்.

இரண்டாம் தடவை ஆஸ்பத்திரியில் நாற்பது நாள். அங்கேதான் அந்த மேடம் வந்தார். டாக்டர் இல்லை, வீட்டுக்காரர்களோடு பேசுவதற்கென்றே இருப்பவர், உன்னைவிட நாலைந்து வயது பெரியவராக இருப்பார். எங்கள் எதிரிலேயே உன்னைக் கேட்டார், "சரவணன், அந்தக் குரல் என்ன சொல்லுது?"

"தொர எழுந்துட்டாருன்னு சொல்லும் மேடம். வேற ஒண்ணும் சொல்லாது."

"யாரோட குரல் மாதிரி இருக்கு?"

நீ தலையைத் திருப்பினாய். என்னைப் பார்த்தாய். பார்த்துவிட்டுச் சிரித்தாய்.

மேடம் என்னை மட்டும் வெளியே கூட்டிக்கொண்டு போனார். "ஒண்ணு கவனிச்சீங்களா? நீங்க வார்டுக்குள்ள வந்ததும் உங்க பையன் சிரிக்கறார். நீங்க போனதும் நிறுத்திடறார். நர்ஸுங்க எல்லாரும் பாத்திருக்காங்க" என்றார். சிரிக்க வைத்தால் சரியாகிவிடும் என்று நினைத்தேன் மேடம் என்றேன். "அவர் சிரிக்கலன்னா வீட்ல என்ன நடக்கும்?" என்று கேட்டார். அம்மா அழுவதை, மாத்திரை எண்ணுவதை, நாங்கள் சண்டை போடுவதை, தங்கை பக்கத்து வீட்டுக்குப் போய்விடுவதை, எல்லாவற்றையும் சொன்னேன். "அப்ப உங்க வீட்ல சிரிக்கறது அவரோட வேலையா ஆயிடுச்சு. உடம்பு சரியில்லாதவருக்கு லீவே இல்லாத வேலை" என்றார்.

முப்பது வருஷமாகத் தெருவில் வாய் பேசுகிறவன் நான். அன்றைக்கு அந்தப் பெண்ணின் எதிரில் எனக்கு வந்தது ஒரே ஒரு கேள்விதான். "அப்ப எம்புள்ளைக்கு இது என்னாலதான் வந்துச்சா மேடம்?" என்று கேட்டேன். இல்லை என்றார், இரண்டு தடவை சொன்னார். நோய் யாரும் வரவழைத்தது இல்லையாம். ஆனால் ஒரு தடவை வந்த நோய் திரும்பி வருகிறதா, தள்ளிப் போகிறதா என்பதில் மாத்திரைக்கும் பங்கு இருக்கிறதாம், வீட்டில் அடிக்கிற சூட்டுக்கும் பங்கு இருக்கிறதாம். குத்திக் காட்டிக்கொண்டே இருக்கிற வீட்டில் சீக்கிரம் திரும்பி வருமாம். மூச்சு விடாமல் தாங்கு தாங்கென்று தாங்குகிற வீட்டிலும் அப்படித்தானாம். நம் வீட்டில் இரண்டும் இருந்தது, ஒன்றுக்கு நான், இன்னொன்றுக்கு உன் அம்மா. "ஒரு நாள்ல எவ்வளவு நேரம் எல்லாரும் ஒரே இடத்துல இருக்கீங்க?" என்று கேட்டார். "வூடே ஒரே இடம்தான் மேடம், வேற எங்க போய் இருக்கறது?" என்றேன். அது ஜோக் இல்லை. ஆனாலும் அவர் லேசாகச் சிரித்துவிட்டார், உடனே மன்னிப்பும் கேட்டார். ஒரு சிரிப்புக்காக ஒருவர் மன்னிப்புக் கேட்டதை அன்றுதான் பார்த்தேன்.

வியாழக்கிழமைக் கூட்டத்துக்கு உன் அம்மாவும் நானும் போக ஆரம்பித்தோம். இஸ்திரிக்காரரே, பட்டுக்கு ஒரு சூடு, பருத்திக்கு ஒரு சூடு என்று உங்களுக்குத் தெரியாதா என்று மேடம் கேட்டபோது எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். தெரியும். துணிக்கு வைக்கத் தெரிந்த சூடு பிள்ளைக்கு வைக்கத் தெரியவில்லை. அதற்கு என்ன செய்வது என்று அங்கே யாருக்கும் ஒரே நாளில் தெரிந்துவிடவும் இல்லை.

நீ வீட்டுக்கு வந்ததும் நான் ஒரேயடியாக வாயை மூடிக்கொண்டேன். உன் அம்மா உன் பக்கம் திரும்பாமலே சமைத்தாள். கிழமைக்கு ஒரு அறை வைத்த மாத்திரை டப்பாவை உன் கையில் கொடுத்துவிட்டு, நீ போடும் நேரத்தில் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். பத்து நாள் வீட்டில் பாத்திரம் வைக்கிற சத்தம்கூட இல்லை. பத்தாவது நாள் சாப்பிடும்போது நீ தலையைத் தூக்கி, "நைனா, நான் செத்துட்டேனா?" என்றாய்.

"இன்னாடா சொல்ற?"

"இல்ல, யாரும் பேச மாட்டேன்றீங்களே. எழவு வூட்ல கூட நாலு வார்த்த பேசுவாங்கோ."

உன் தங்கைக்குப் புரையேறிவிட்டது. அதற்கப்புறம்தான், "சாப்டியா", "மழ வர்ற மாதிரி கீது", "இன்னிக்கி துணி ஜாஸ்தி" என்று சாதாரணமாகப் பேசப் பழகினேன். மற்றவர்களுக்கு இது மூச்சு விடுகிற மாதிரி வரும். எனக்கு நாற்பத்தொன்பது வயசில் புதுப் பாஷை கற்கிற மாதிரி இருந்தது. தெருவிலும் சொல்லிவிட்டேன், இனிமேல் விசில் வேண்டாம் என்று. வாட்ச்மேன், "நானே நெறுத்தலாம்னு பாத்தேன், நீ சங்கடப்படுவியேன்னு ஊதிக்கினு இருந்தேன்" என்றார். பார், அவரும் எனக்காகத்தான் ஊதியிருக்கிறார்.

நீ ஆஸ்பத்திரியிலிருந்து வந்து பதினொரு மாசம் ஆகிறது. இப்போது நீ போகிறேன் என்கிறாய். முதலில் முடியாது என்றேன். மாத்திரையை யார் பார்ப்பது, தூக்கம் வராவிட்டால் யார் கண்டுபிடிப்பது? உன் அம்மா, "நான்தான் இப்ப ஒண்ணுமே கேக்கறதில்லியே, அப்பறம் ஏண்டா போற?" என்று அழுதாள். நீ அவள் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னதை நான் மறக்க மாட்டேன். "உங்க மேல கோவம் இல்லம்மா. நீங்க கேக்கறதில்ல, ஆனா நீங்க கேக்காம இருக்கறதே எனக்குக் கேட்டுக்கினு கீது. இங்க இருந்தா நான் தினமும் பரீட்ச எழுதற மாதிரியே கீதும்மா." மேடமும், கொஞ்ச தூரம் நல்லதுதான், மாசம் தவறாமல் ஆஸ்பத்திரிக்கு வந்தால் போதும் என்றார். தூரம் போனால் நோய் வராது என்று எழுதிக் கொடுக்க முடியுமா என்று கேட்டேன். முடியாது என்றார். அவர் பொய் சொல்லாதது நல்லதுதான். ஆனால் எனக்குப் பயம் போகவில்லை. இதை எழுதும்போதும் போகவில்லை.

எனக்கு உபதேசம் பண்ணத் தகுதி இல்லை, கேட்டுக்கொள்கிறேன். மாத்திரையை விடாதே. அசதியாக இருந்தால் டாக்டரிடம் சொல்லி மாற்றிக்கொள், நீயாக நிறுத்தாதே. பட்டறை முதலாளியிடம் காலையில் தாமதமாகத்தான் வர முடியும் என்று முதலிலேயே சொன்னாயே, அது எனக்குப் பெருமை. என்னிடம் சொல்ல முடியாததை அவரிடம் சொல்லியிருக்கிறாய். இரண்டு நாள் சேர்ந்தாற்போலத் தூக்கம் வராவிட்டால், குரல் மறுபடி கேட்டால், அது என் குரலாகவே இருந்தாலும், எங்களுக்கு ஒரு போன் பண்ணு. நைனா என்ன சொல்வாரோ என்று யோசிக்காதே. "சரி, வர்றேன்" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். நாளைக்கு உனக்கென்று ஒரு குடும்பம் வரலாம். அப்போது உன் பிள்ளையைக் கிண்டல் பண்ணு, வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அது சிரிக்காவிட்டால் விட்டுவிடு.

வண்டியருகே யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து உன் பேரைச் சொல்லிப் பழகிக்கொண்டிருக்கிறேன். சரவணா, சரவணா என்று. பக்கத்து வீட்டுப் பையனைக் கூப்பிடுகிற மாதிரி இருக்கிறது. நாக்குத் திரும்ப நாளாகும்.

இன்று காலை நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன். நீ இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தாய். உன் அம்மா நாலாவது தடவையாகப் பையைத் திறந்ததைப் பார்த்ததும் என் வாய் பழைய வழியில் போய்விட்டது. "ஏம்மே, பேசாம நீயும் அந்தப் பையிலயே ஏறிக் குந்திக்கோ. ஈக்காட்டுத்தாங்கல்ல எறக்கி வுட்டுடுவான்" என்றேன். சொன்ன உடனே பயந்து உன் முகத்தைப் பார்த்தேன். நீ சிரிக்கவில்லை. உன் அம்மாவின் கை அப்படியே நின்றது. தங்கை தட்டிலிருந்து தலையைத் தூக்கினாள். நாங்கள் மூன்று பேரும் அந்தப் பழைய பார்வையோடு உன்னையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

நீ இட்லியைச் சட்னியில் தோய்த்து வாயில் போட்டு, மென்று முழுங்கி, "இது நல்லா இல்ல நைனா, போன வாரமே சொல்லிட்ட" என்றாய். சொல்லிவிட்டு, இன்னும் ரெண்டு இட்லி வை என்று தட்டை அம்மா பக்கம் நீட்டினாய்.

அவள் கற்பூரத்தைத் தேடவில்லை. இட்லி வைத்தாள்.